கேட்டிலிருந்து வீடு வரை ஒரு கம்பி

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பல ஃபிளாட்டுகளில் வயதானவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் தாண்டியோ இருப்பார்கள். கேட்டில் வந்து நிற்பவர் யாரென்று தெரிந்துகொள்ளவும், ராத்திரியில் நெஞ்சு வலித்தால் வாட்ச்மேனைக் கூப்பிடவும் இவர்களுக்குக் கைக்கெட்டும் துணை சுவரில் மாட்டிய இன்டர்காம்தான்.

அசோசியேஷன் கூட்டத்திலோ எந்தக் கம்பெனி, கேமரா உண்டா, திரை எவ்வளவு பெரிது என்பதிலேயே பேச்சு முடிந்துபோகிறது. கம்பியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கருவி பழசானால் ஒரே நாளில் மாற்றிவிடலாம். சுவருக்குள் போன கம்பியை மாற்ற வேண்டுமானால் டைல்ஸை உடைக்க வேண்டிவரும்.

பழைய முறை எளிமையானது. கீழ்த்தளத்தில் வீட்டுப் போன்களை இணைக்கும் ஒரு இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் தனித்தனியாக ஒரு ஜோடிச் செம்புக் கம்பி. பேச்சு, மணியோசை, போனுக்கு வேண்டிய மின்சாரம் மூன்றும் அந்த ஒரு ஜோடியிலேயே போகும். அதனால் கீழே பெட்டிக்கு பேட்டரி இருந்தால் போதும், வீட்டில் கரண்ட் போனாலும் போன் பேசும். அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் சில நூறு மீட்டர் தூரம் தெளிவாகக் கேட்கும். முதியவர்கள் நிறைந்த, பேசினால் போதும் என்கிற கட்டிடத்துக்கு இன்றைக்கும் இதையே நான் சிபாரிசு செய்வேன்.

வருகிறவரின் முகமும் தெரிய வேண்டுமென்றால் இப்போது பெரும்பாலும் ஐ.பி. இன்டர்காம் வைக்கிறார்கள். இதற்குக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போடும் அதே கேட்-6 கேபிள்தான். உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டு கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கியிருக்கும். பக்கத்து மின்வயரின் இரைச்சல் ஜோடியின் இரண்டு கம்பிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் ஏறுவதால், மறுமுனையில் அதைக் கழித்துவிட முடிகிறது. கிரகாம் பெல் 1881-இலேயே காப்புரிமை பெற்ற உத்தி இது. இரைச்சலைக் கழிக்கவும் ஓர் எல்லை உண்டு என்பதால், 230 வோல்ட் வயர் போகும் பைப்பிலேயே இந்தக் கேபிளையும் திணிக்கக் கூடாது. ஷாக் அடிக்கும் ஆபத்து வேறு. உத்திர வீதி, சித்திரை வீதிப் பக்கத்துப் பழைய வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். அந்த மனையில் ஃபிளாட் எழுப்பும்போது வாசலிலிருந்து கொல்லை வரை இரண்டும் பக்கம் பக்கமாகவே ஓட வேண்டியிருக்கும். இரண்டு பைப்பாகப் போட்டு, நடுவில் இடைவெளி விடச் சொல்லுங்கள்.

கேட்-6 கேபிளுக்கு உச்சவரம்பு 100 மீட்டர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி, அதாவது ஏறத்தாழ 72 மீட்டர். அதன் உச்சி வரை ஒரே கேபிள் இழுத்தாலும் மிச்சம் இருக்கும். ஆகவே மாடி உயரம் சிக்கல் இல்லை. பிளாக்குக்குப் பிளாக், கேட்டுக்குப் பின்கட்டிடம் என்று தரையில் ஓடும்போதுதான் தூரம் கூடிவிடும். அங்கே ஃபைபர் போடுவதே நல்லது. ஐப்பசி, கார்த்திகை இடிமழையில் கட்டிடங்களுக்கு நடுவே ஓடும் செம்புக் கேபிள் மின்னலின் அதிர்வை உள்ளே கொண்டுவந்து பல கருவிகளை ஒன்றாகச் சாகடித்துவிடும். உலோக இழை இல்லாத ஃபைபர் கேபிளில் அது ஏறாது.

தண்ணீரும் முக்கியம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு இது. மழைக்காலத்தில் தரையடிச் சேம்பரில் தண்ணீர் நிற்கும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் திட்டமிட வேண்டும். வீட்டுக்குள் போடும் கேபிளை மண்ணுக்கடியில் புதைத்தால் ஈரம் உள்ளே இறங்கிவிடும். ஜெல் நிரப்பிய வெளிப்புறக் கேபிள் வாங்குங்கள். கேபிள்களெல்லாம் வந்து சேரும் ரேக்கைத் தரையில் வைக்காமல் சுவரில் உயரமாக மாட்டுங்கள்.

ஐ.பி. கருவிக்கு மின்சாரத்தையும் கேட்-6 கேபிளிலேயே அனுப்பலாம். இதற்கென 2003-இல் வந்த பி.ஓ.இ. தரப்படி, ரேக்கில் உள்ள நெட்வொர்க் சுவிட்சின் ஒரு போர்ட் 15.4 வாட் வரை கொடுக்கும். வீட்டு இன்டர்காம்கள் பலவற்றுக்கு அது போதும். ஆனால் சுவிட்சுக்கு யு.பி.எஸ். இல்லையென்றால், கரண்ட் போன நொடியில் எல்லா வீட்டு இன்டர்காமும் சேர்ந்து வாயடைத்துப் போகும். யு.பி.எஸ். செலவில் கை வைக்கவே கூடாது.

விலை மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் சிலவற்றில் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். அதன் மின்தடை சுத்தச் செம்பைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மின்சாரமும் சேர்ந்து போகும்போது கம்பி சூடேறும், தூரத்துக் கருவி தடுமாறும். முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சுவரில் கருவியே வேண்டாம், கேட்டிலிருந்து செல்போன் ஆப்புக்கே அழைப்பு வரும் என்று சொல்லி விற்கிறவர்களும் உண்டு. எழுபத்தைந்து வயதுப் பாட்டியின் செல்போன் சைலன்டில் கிடக்கும், சார்ஜ் இறங்கியிருக்கும், இணையம் அறுந்திருக்கும். ஆப் கூடுதலாக இருக்கட்டும். சுவரில் ஒரு போன் அவசியம் இருக்க வேண்டும்.

கட்டிட வேலை நடக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கேபிள் நேராகக் கீழே ரேக் வரை வரட்டும். வீட்டுக்கு வீடு தொடுத்துக்கொண்டே போனால் நடுவில் ஒன்று அறுந்ததும் அதற்கப்பால் உள்ள வீடுகளெல்லாம் ஊமையாகிவிடும். கூடவே காலி பைப் ஒன்றையும் விட்டுவையுங்கள். வேலை முடிந்ததும் காண்ட்ராக்டர் ஒவ்வொரு கேபிளையும் டெஸ்டர் வைத்துச் சோதித்து, இரண்டு முனையிலும் ஃபிளாட் எண் ஒட்டி, எது எந்த வழியாகப் போகிறது என்கிற வரைபடத்தை அசோசியேஷனிடம் கொடுத்த பிறகு கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.