கயிறு பிடித்தவர் யார்?



பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் நம் காயல் துறைமுகத்தையும் இக்கடலின் முத்துக்குளிப்பையும் பற்றி மார்க்கோ போலோ எழுதி வைத்தார். எடுத்த முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. சுறாக்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொல்வோருக்கு இருபதில் ஒரு பங்கு. கணக்கு இவ்வளவு துல்லியம். ஆனால், உயிரைப் பணயம் வைத்துக் கடலடிக்குச் சென்றவர்களுள் ஒருவர் பெயரேனும் அதில் உண்டா? இல்லை.

பழங்கதைதானே என்று ஒதுக்கிவிடாதீர்கள். தூத்துக்குடியில் 1955ஆம் ஆண்டு மீண்டும் தொடங்கிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. பரதவர்களோடு கீழக்கரை முஸ்லிம்களும் அதில் மூழ்கினர். சிப்பிகளின் எண்ணிக்கையும் வருவாயும் அரசு ஏடுகளில் உள்ளன. கல்லின் பாரத்தோடு ஒரே மூச்சில் முத்துப் பாருக்கு இறங்கியவர் நெஞ்சில் என்ன இருந்தது? மேலே நம்பிக்கையோடு கயிறு பிடித்தவர் அவருக்கு என்ன உறவு? கிடைத்த பங்கில் கடன் அடைந்ததா, வீட்டுக் குமரு கரையேறியதா? இவற்றை ஏடுகள் சொல்லா. அன்று இருபது வயதில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்த முதியவர்!

அதே தூத்துக்குடியில் 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்தது. வ.உ. சிதம்பரனார் தம் வாழ்வைச் செய்யுளில் சுயசரிதையாக எழுதினார். ஆகவே, கப்பல் ஓடியதையும் 1908இல் சிறை புகுந்ததையும் அவர் வாய்மொழியாகவே அறிகிறோம். அக்கம்பெனியில் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்கு வாங்கிய ஹாஜி முகமது பக்கீர் சேட்டோ, பெரும்பாலான நூல்களில் அந்தத் தொகையோடு முடிந்துவிடுகிறார். அவ்வளவு பெரிய துணிவுக்கு அவரைத் தூண்டியது எது? அந்த வாழ்க்கை எழுதப்பட்டிருந்தால் ஒரு சமுதாயத்தின் பங்களிப்பே முழுமையாக விளங்கியிருக்கும் அல்லவா?

வீட்டுக் கதைகளில் மிகையும் மறதியும் கலக்குமே என நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான வழியை நம் முன்னோரே காட்டியுள்ளனர். ஹதீஸ்களைத் தொகுத்த அறிஞர்கள் செய்தியை மட்டும் எழுதவில்லை. யார் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையையும் எழுதினர். ஒவ்வொரு அறிவிப்பாளரின் வாழ்க்கையையும் ஆராய்ந்தனர். தனிமனித வரலாறுகளே அங்கு பொது வரலாற்றின் உரைகல்லாயின.

நீங்களும் அவ்வாறே செய்யலாம். வாப்பும்மாவின் அருகில் ஒரு குறிப்பேட்டோடு அமருங்கள். சொல்பவர் பெயர், அவர் நேரில் கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா, எந்த ஆண்டு என்பவற்றைக் குறியுங்கள். பெட்டியடியில் கிடக்கும் பத்திரங்களையும், கொழும்பிலிருந்து வந்த அரபுத்தமிழ்க் கடிதங்களையும் பழைய தாள் என்று எறிந்துவிடாதீர்கள். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும்போதே படித்து எழுதிக்கொள்ளுங்கள். ஏட்டோடு ஒப்பிடும்போது குடும்பப் பெருமை சற்றே குறைந்தாலும் உண்மையையே எழுதுங்கள்.

ஒரு முதியவரின் ஜனாஸாவோடு எத்தனை செய்திகள் மண்ணுக்குள் போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். இன்று மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: "அன்று கயிறு பிடித்தவர் யார்?"