திருவிழா இரவில் தெளிவான படம்: கையையே முக்காலி ஆக்குவது எப்படி?

ஆண்டுதோறும் தைப்பூசத்தையொட்டி, கோலாலம்பூரில் 1873ஆம் ஆண்டு தோற்றம் பெற்று, இன்று ஜாலான் துன் எச்.எஸ்.லீயில் அமைந்துள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து வெள்ளி ரதம் இரவில் புறப்பட்டு, ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பத்துமலைத் திருத்தலத்தைச் சென்றடைவதைப் பக்தப் பெருமக்கள் நன்கறிவர். நாதஸ்வர இன்னிசையும் மேள ஒலியும் வானைப் பிளக்க, அலங்கார ரூபனாய் முருகப் பெருமான் வள்ளி தெய்வயானை சமேதராகப் பவனி வரும் அக்காட்சியைக் கண்டு கைகூப்பாதவர் இலர். இக்காலத்தில் கைகூப்புவதற்கு முன்னர் கைப்பேசியையோ கேமராவையோ உயர்த்தாதவரும் மிகச் சிலரே.

ஆயினும் மறுநாள் வீட்டில் அமர்ந்து அப்படங்களைப் பார்க்கும்போது பலருக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. விளக்குகள் கோடு கோடாக இழுபட்டிருக்கும்; பெருமானின் திருமுகம் இரண்டாகத் தெரியும்; தீபாராதனை வெறும் மஞ்சள் புகையாகக் காட்சி தரும். கருவி விலை உயர்ந்ததாக இருந்தும் படம் கலங்கியதற்குக் காரணம், இருளில் படம் பதிவாக நேரம் அதிகம் தேவைப்படுவதும், அந்த நேரம் முழுவதும் கை அசையாதிருக்கத் தவறுவதுமே ஆகும்.

ஒரு படத்தின் அருமை

‘படம் கலங்கினால் என்ன, நேரில் தரிசித்தோமே!’ என்று சிலர் எண்ணலாம். உண்மைதான். ஆனால், நேரில் தரிசிக்க இயலாதவர்களும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றனர். படுக்கையில் கிடக்கும் முதியவர், பிள்ளைப்பேற்றுக்காகக் காத்திருக்கும் பெண், இரவு வேலைக்குச் சென்ற தந்தை ஆகியோருக்கு அந்த ஒரு படமே தரிசனம். கலங்கிய படத்தைக் கையில் வாங்கிக் கண்ணை இடுக்கிப் பார்க்கும் பாட்டியிடம், ‘இதுதான் சுவாமி’ என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டிய நிலை வரலாமா?

ஆலயத்திற்கும் இது சிறிய காரியமன்று. உற்சவ அலங்காரம் ஓரிரவுக்கு உரியது. பூ தொடுத்தவர்களின் பல மணி நேர உழைப்பு மறுநாள் களையப்படுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்துவது நம் ஆலயங்களின் மரபு. முன்பு எந்த ஆபரணம் எவ்வாறு சாத்தப்பட்டது, வாகனம் எந்த வண்ணத்தில் இருந்தது என்னும் ஐயம் அப்போது எழுமாயின், பழைய படங்களே சான்றாக முன்வைக்கப்படுகின்றன. கலங்கிய படம் அங்கு வாய் திறப்பதில்லை.

ஃபிளாஷும் முக்காலியும் ஏன் உதவா?

இருட்டுக்கு மருந்து ஃபிளாஷ் விளக்கு என்று கருதுவோர் உளர். கருவியோடு இணைந்த சிறிய ஃபிளாஷின் ஒளி சில மீட்டர் தூரத்திற்கே எட்டும். உயரத்தில் நிற்கும் ரதத்தை அது அடைவதற்குள், முன்னால் நிற்பவரின் தலையும் சாம்பிராணிப் புகையுமே வெளிறித் தெரியும். ஒளி எட்டினாலும், வெள்ளிக் கவசத்தில் பட்டுத் தெறித்து வெண்மையான திட்டாக விழும். எண்ணெய் விளக்கின் பொன்னிறம் அடியோடு மறைந்துவிடும். தீபத்தட்டு ஏந்தி நிற்கும் அர்ச்சகரின் கண்களில் பாயும் இடையூறு வேறு.

அவ்வாறாயின் முக்காலியை நிறுத்தி எடுக்கலாமே எனலாம். ஆளில்லாத இடத்தில் அது மிகச் சிறந்த துணை. திருவிழாக் கூட்டத்திலோ அது ஆபத்து. வெறுங்காலுடன், தலையில் பால்குடமும் தோளில் காவடியும் சுமந்து வருபவர் தரையைப் பார்த்து நடப்பதில்லை. பத்துமலையின் 272 படிகளில் ஒருவர் முக்காலியின் கால் தடுக்கி விழுந்தால், அவருக்குப் பின்னால் வருபவர்களின் கதி என்னவாகும்? ஆகவே, எஞ்சியிருப்பது மனிதனின் சொந்த உடலே. அதை முக்காலியாக்கும் கலையைப் பயின்றால் போதும்.

கணக்கைத் தெரிந்துகொள்வோம்

கையில் ஏந்தி எடுக்கும்போது எந்த வேகத்திற்குக் கீழே ஷட்டரை இறக்கலாகாது என்பதற்குப் படக்கலைஞர்களிடையே நெடுங்காலமாக ஓர் எளிய விதி உண்டு. 35 மில்லிமீட்டர் பிலிம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் பொருத்தியிருந்தால் 1/60 விநாடி. 28 மில்லிமீட்டர் அகலக் கோண லென்ஸ் என்றால் 1/30 விநாடி. 200 மில்லிமீட்டர் தொலைநோக்கு லென்ஸ் என்றால் 1/250 விநாடி. தூரத்தை அருகே இழுக்கும் லென்ஸ், கையின் நடுக்கத்தையும் சேர்த்தே பெரிதாக்கிக் காட்டுகிறது. எனவே, இருட்டில் நிற்பவர் முதலில் செய்ய வேண்டியது, தொலைநோக்கு லென்ஸைக் கழற்றிவிட்டு அகலக் கோண லென்ஸுடன் இரண்டடி முன்னே செல்வதாகும்.

இனி, எண்ணெய் விளக்கின் ஒளி எவ்வளவு என்று காண்போம். ஐ.எஸ்.ஓ. 400 அளவில், லென்ஸின் துளையை எஃப் 2 என்று நன்கு திறந்து வைத்தாலும், விளக்கருகே உள்ள முகம் பதிவாக ஏறக்குறைய 1/15 விநாடி வேண்டும். விதி கூறுவதோ 1/60. இவ்விரண்டுக்கும் இடையே இரண்டு படிகள் உள்ளன. அந்த இரண்டு படிகளையும் கையின் உறுதியால் கடப்பதே இக்கலையின் சாரம்.

இங்கே கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. சுற்றிலும் இருள் சூழ்ந்திருப்பதால், தானியங்கிக் கேமரா காட்சி முழுவதையும் பகல்போல் ஆக்க முயன்று, ஷட்டரை வேண்டுமளவுக்கும் மேலாகத் திறந்து வைக்கும். விளக்குகள் வெளிறும், கையும் நடுங்கும். ஒளியளவை ஒரு படி குறைத்து வைத்தால் இரவு இரவாகவே தெரியும்; ஷட்டரும் இரு மடங்கு வேகமாக மூடும்.

நிற்கும் முறை, மூச்சு விடும் முறை

கால்களைத் தோளளவு அகற்றி, ஒரு காலைச் சற்று முன்னே வைத்து நிற்க வேண்டும். இடது உள்ளங்கை லென்ஸைக் கீழிருந்து தாங்க வேண்டும். பக்கவாட்டில் பற்றுவது போதாது. இரு முழங்கைகளும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். கேமராவைப் புருவத்தோடு அழுத்தினால் மூன்றாவது தாங்கல் கிடைக்கும். கைப்பேசியைக் கைநீட்டித் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பதே நடுக்கத்திற்கு முதற்காரணம். அதையும் இரு கைகளால் பற்றி, முழங்கைகளை மார்போடு சேர்த்துப் பிடித்தல் நலம்.

அடுத்தது மூச்சு. ஆழமாக இழுத்து, பாதியை மெதுவாக விட்டு, அந்த இடைவெளியில் விசையை அமுக்க வேண்டும். மூச்சை நெடுநேரம் அடக்கினால் உடல் முன்னிலும் அதிகமாக நடுங்கும். விசையைக் குத்தக் கூடாது. குழந்தையின் நெற்றியில் திருநீறு இடுவதுபோல் விரலை மெல்லப் பதிக்க வேண்டும். தொடர்ச்சியாக மூன்று படங்கள் எடுப்பது மேலும் நன்று. விரலை அமுக்கும் அதிர்வு முதற்படத்தையும், விடும் அதிர்வு கடைசிப் படத்தையும் பாதிக்கலாம். நடுப்படம் பெரும்பாலும் தெளிவாக அமையும்.

தூணும் துண்டும் துணை

கோயில் மண்டபத்தில் தூண்கள் இருக்கும்போது தனியே நின்று நடுங்க வேண்டியதில்லை. தோளைத் தூணில் சாய்த்து எடுத்தால் ஒரு படி மிச்சம். சம்மணமிட்டு அமர்ந்து இரு முழங்கைகளையும் முழங்கால்களில் ஊன்றினால் இன்னும் உறுதி. பின்னால் இருப்பவருக்கும் சுவாமி மறைவதில்லை. திண்ணையோ கைப்பிடிச் சுவரோ இருந்தால், தோளில் கிடக்கும் துண்டை நான்காக மடித்து அதன்மேல் கேமராவை வைத்து, இரண்டு விநாடி கழித்துத் தானே படம் எடுக்கும் விசையை இயக்கலாம். கை படாமையால் ஒரு விநாடிப் பதிவுகூட அசையாமல் கிடைக்கும்.

எளியதோர் உத்தி கயிறு. கேமராவின் அடியில் முக்காலிக்கென உள்ள துளையில் கால் அங்குலத் திருகாணி ஒன்றை முடுக்கி, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் கயிறு விறைத்து நிற்கும். மேலும் கீழுமான நடுக்கம் வெகுவாகக் குறையும். சட்டைப் பையில் அடங்கும் இக்கயிற்றில் எவரும் தடுக்கி விழுவதில்லை.

ரதம் நிற்கும் கணம்

கை அசையாதிருந்தாலும் எதிரே உள்ளது அசைந்தால் பயனில்லை. ரதம் விநாடிக்கு அரை மீட்டர் நகர்வதாகக் கொள்வோம். 1/15 விநாடியில் அது மூன்று சென்டிமீட்டருக்கும் மேல் சென்றுவிடும். உற்சவ மூர்த்தியின் திருமுகத்தில் கண்ணும் மூக்கும் ஒன்றோடொன்று கலந்துபோக அது போதும். ஆனால், அர்ச்சனைத் தட்டுகளை ஏற்பதற்காக ரதம் வழியில் நின்று நின்றே செல்கிறது. அந்த நிறுத்தமே படம் எடுப்பவருக்கு அருளப்பட்ட கணம். தைப்பூசத்திற்கு முன்தினம் டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயத்திலிருந்து சிங்கப்பூரில் வலம் வரும் வெள்ளி ரதத்திற்கும் இது பொருந்தும்.

தீபாராதனையிலும் அப்படியே. தட்டு சுழலும்போது சுடர் வளையமாகப் பதிவாகும். சுழற்சி முடிந்து, அர்ச்சகர் தட்டைச் சற்று நிறுத்திக் காட்டும்போது திருமுகம் தெளியும். காவடி எடுத்து ஆடுபவர் ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் திரும்பும் முனையில், இமைப்பொழுது அசைவற்று நிற்பார். மேளத்தின் தாளத்தைக் காதால் கேட்டு எண்ணிக்கொண்டிருந்தால் அந்த முனை முன்கூட்டியே தெரியும்.

எல்லாவற்றிற்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் ஆலயத் தீமிதியில் பூக்குழியைக் கடப்பவர் நிற்பதில்லை. அங்கே கை உறுதி மட்டும் போதாது, ஐ.எஸ்.ஓ. அளவை உயர்த்தி, 1/125 விநாடிக்குக் குறையாமல் வைத்தாக வேண்டும். படத்தில் சிறிது மணல் தூவியதுபோல் தெரியும். கலங்கிய பாதங்களைவிட அது எவ்வளவோ மேல்.

புதிய கருவிகள் வந்த பின்னும்

கை நடுக்கத்தைத் தானே சரிசெய்யும் லென்ஸைக் கேனன் நிறுவனம் 1995ஆம் ஆண்டு தன் மாற்று லென்ஸ் வரிசையில் வெளியிட்டது. இன்று கேமராவின் உட்புறத்திலேயே அவ்வசதி அமைந்துள்ளது. நான்கு படிகள் கைகொடுத்தால் 1/60 விநாடிக்குப் பதிலாக 1/4 விநாடியிலும் எடுக்க முடியும். கைப்பேசிகளின் இரவு முறையோ சில விநாடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கித் தருகிறது. இவை வரவேற்கத்தக்கவையே. ஆயினும், இவை எடுப்பவரின் கை நடுக்கத்தைத் தணிக்கின்றனவேயன்றி, ரதத்தை நிறுத்துவதில்லை. அந்தச் சில விநாடிகளும் கைப்பேசி அசையாதிருந்தால்தான் அதன் பயனும் முழுமை பெறும்.

பயிற்சிக்கு வீட்டுப் பூஜை அறையே போதும். மாலையில் காமாட்சி விளக்கை ஏற்றி, மின்விளக்கை அணைத்துவிட்டு, 1/30, 1/15, 1/8, 1/4 விநாடி என ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படங்கள் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம். பத்தில் எத்தனை தெளிந்தன என்று எண்ணினால், தம் கையின் எல்லை எது என்பது அவரவர்க்கே விளங்கிவிடும். திருவிழா இரவில் அந்த எல்லையை அறிந்தவர் தடுமாற மாட்டார்.

கருவியைத் தாழ்த்தும் நேரம்

மூலஸ்தானத்தைப் படம் எடுப்பது பல ஆலயங்களில் வழக்கமன்று. ஆலய நிர்வாகத்தினரிடம் முன்கூட்டியே கேட்டு, அனுமதித்த இடத்தில் மட்டும் எடுப்பதே முறை. அனுமதி உள்ள இடத்திலும், மூன்று படங்கள் எடுத்தபின் நகர்ந்து பின்னால் நிற்பவருக்கு இடம் கொடுப்பது அன்பர்களின் கடமை. நல்ல படம் கிடைத்தால் அதன் ஒரு பிரதியை, ஆண்டும் நாளும் குறித்து ஆலயத்தில் ஒப்படைப்பது பெரும் தொண்டாகும். அடுத்த கும்பாபிஷேகத்தின்போது அதன் அருமை தெரியும்.

மூச்சை ஒழுங்குபடுத்தி, உடலை அசைவின்றி நிறுத்தி, பெருமானின் திருமுகத்தையே இமையாது நோக்கி நிற்பதுதான் நல்ல படத்திற்கு வழி. வழிபாட்டிற்கும் இதுவே வழியன்றோ? படம் எடுத்து முடித்ததும் கருவியைத் தாழ்த்திவிட்டு, விடுபட்ட கைகளை ஒன்று சேர்த்து வணங்குவோமாக. வேலவன் திருவருள் அனைவருக்கும் முன்னிற்குமாக!