பாசறை ஓவியமும் மூலச் சான்றும்

போர் பற்றிய சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் செய்யுளுமே நினைவிற்கு வருதல் இயல்பு. களத்தருகே நின்று வரைந்த கோட்டோவியமும் அவ்வரிசையில் வைத்து ஆராயத்தக்கதே. அதனை மதிப்பிடும் முறைக்கு, 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

அக்காலத்தே ஒளிப்படக் கலை தோன்றியிருந்தது. எனினும், ஈரத் தகட்டு முறையில் ஒளி படவேண்டிய நேரம் நீண்டமையின், விரைந்து இயங்குவனவற்றைப் பதிதல் அரிதாயிற்று. ஒளிப்படத்தை நேரே இதழில் அச்சிடும் முறையும் அன்று வழக்கில் இல்லை. ஆதலின் இதழ்கள் ஓவியரைப் படையுடன் அனுப்பின. ஆல்பிரட் வாட் என்பார் 'ஹார்ப்பர்ஸ் வீக்லி'க்கும், எட்வின் போர்ப்ஸ் என்பார் பிராங்க் லெஸ்லியின் இதழுக்கும் வரைந்தனர். 1863 சூலையில் நிகழ்ந்த கெட்டிஸ்பர்க் போரை இருவரும் வரைந்துள்ளனர்.

போர் நாளினும் பாசறை நாளே மிகுதியாதலின், பாசறை வாழ்வும் விழாவும் இவர்தம் தாள்களில் பேரிடம் பெற்றன. அயர்லாந்துப் படைப்பிரிவினர் 1863 மார்ச்சு 17இல், புனித பாட்ரிக் திருநாளன்று, நடத்திய குதிரைப் பந்தயத்தைப் போர்ப்ஸ் வரைந்தார். வின்ஸ்லோ ஹோமரின் 'பாசறையில் நன்றியறிதல் நாள்' 1862 நவம்பரில் வெளிவந்தது. அதில் அரிய விருந்தில்லை, படைவணிகர் கடைமுன் குழுமிய வீரரே உளர். 1866இல் அர்க்கன்சா மாநிலத்து லிட்டில் ராக் நகரில், பணி முடித்த கறுப்பினப் படைவீரரை அவர்தம் மனைவி மக்கள் எதிர்கொள்ளும் காட்சியை வாட் வரைந்தார்.

ஈண்டு ஓர் ஐயம் எழும். இதழில் அச்சானது ஓவியர் வரைந்ததுதானா? அன்று. கரிக்கோலால் விரைந்து வரைந்த தாள் நியூயார்க்கிற்குச் செல்லும். ஆங்கே அது மரக்கட்டையில் பெயர்த்தெழுதப்படும். கட்டை பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, செதுக்குநர் பலர் ஒருங்கே செதுக்கியபின் மீண்டும் இணைக்கப்படும். விரைவின் பொருட்டுச் சில விவரங்கள் மாறும்; வாசகர் மனம் வருந்தும் என்று கருதிக் கொடிய காட்சிகள் மென்மையாக்கப்படுதலும் உண்டு. செதுக்குநர்க்கென ஓவியர் தாளிலேயே குறிப்பெழுதுதலும் இதனாற்போலும்.

ஆகவே, அச்சுப்படம் ஏடு பெயர்த்தெழுதுவோர் கைப்பட்ட பாடத்தை ஒத்தது, கைவரைவே மூலம். இம்மூன்று ஓவியருள் வாட், போர்ப்ஸ் ஆகியோர்தம் வரைவுகள் பலவற்றை மார்கன் என்பார் 1919இல் அமெரிக்கக் காங்கிரசு நூலகத்திற்கு வழங்கியமையின், இரண்டையும் ஒப்பு நோக்கும் வாய்ப்பு வாய்த்துள்ளது. மூலமும் முழுமையன்று; இவர்கள் வடபுலப் படையுடன் சென்றோராதலின், அப்படையின் கண்ணே இவற்றுள் மிகுதியும் காண்கின்றது. எனினும், வேறுபாடு எங்கே நேர்ந்தது, யாரால் நேர்ந்தது என்று பிரித்தறிந்த பின்னரே ஓவியம் வரலாற்றுச் சான்றாகும். பாடவேறுபாடு ஆராய்ந்து பழகிய நமக்கு இந்நெறி புதிதன்று.