பொத்தான் போனில் விளையாட்டு விற்ற நிறுவனம்



ஸ்மார்ட்போன் வருவதற்கு முன், வத்திராயிருப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்குக் காத்திருந்த இளவட்டங்கள் பொத்தான் போனில் விளையாடியது நினைவிருக்கிறதா? 4 இடது, 6 வலது, 5-ஐத் தட்டினால் அடி!

அப்படிப்பட்ட விளையாட்டுகளை நம் நாட்டில் வெளியிட்ட முன்னோடிகளில் ஒன்று மும்பையின் 'இந்தியாகேம்ஸ்'. 1999இல் இதைத் தொடங்கியவர் விஷால் கோண்டல். கடையும் கிடையாது, சிடியும் கிடையாது. விளையாட்டை போனில் இறக்கினால் ப்ரீபெய்டு பேலன்ஸிலிருந்து காசைப் பிடித்துக்கொள்வார்கள். அதில் செல்போன் நிறுவனத்துக்கு ஒரு பங்கு, வெளியீட்டாளருக்கு ஒரு பங்கு.

நிறுவனம் வளர வளர, முதலாளிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். 2005இல் சீனாவின் டாம் ஆன்லைன் பெரும்பங்கை வாங்கியது. 2007இல் ஊடக நிறுவனமான யுடிவி வந்தது. 2011இல் டிஸ்னி முழுவதையும் வாங்கியது. 2013இல் கோண்டலும் விலகினார். இந்தியாகேம்ஸ் என்ற பெயர் மெல்ல மறைந்தது.

இதற்கிடையே சந்தையே தலைகீழாகிவிட்டது. 2008இல் ஆப்பிளும் கூகுளும் செயலிக் கடைகளைத் திறந்தன. இந்தியாகேம்ஸும் 2010இல் ஐபோனுக்கு புரூஸ் லீ விளையாட்டு ஒன்றை வெளியிட்டது. ஆனால், செல்போன் நிறுவனம் வழியாக விற்கும் பழைய முறைக்கு மவுசு குறைந்துவிட்டது.

இன்று ராஜபாளையத்தில் இருந்தபடியே ஒருவர் தான் உருவாக்கிய விளையாட்டை உலகம் முழுக்க நேரடியாக விற்கலாம். அதை நாலு பேர் கண்ணில் பட வைப்பதுதான் இப்போது பெரும்பாடு!