வயலில் எரியும் வைக்கோல் வீட்டுச் சுவராகும்

புதுதில்லி: பஞ்சாப், ஹரியாணா வயல்களில் எரிக்கப்படும் நெல் வைக்கோலின் புகை ஆண்டுதோறும் தலைநகரைச் சூழ்கிறது. 2024 நவம்பரில் மத்திய அரசு அபராதத்தை இரட்டிப்பாக்கியது. ஐந்து ஏக்கருக்கு மேல் நிலமுள்ளவர் 30 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். நல்ல விலை கிடைத்தால் எந்த விவசாயி வைக்கோலுக்குத் தீ வைப்பார்?

மும்பை மாட்டுங்காவிலுள்ள ரசாயனத் தொழில்நுட்பக் கழகம் அதிலிருந்து எத்தனால் எடுக்க வழி கண்டது. அதன் செயல்விளக்க ஆலை 2016-இல் உத்தரகண்டின் காசிப்பூரில் திறக்கப்பட்டது.

வைக்கோலால் வீடும் கட்டலாம். அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் மரம் கிடைக்காத குடியேறிகள், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வைக்கோல் கட்டுகளைச் செங்கல்போல் அடுக்கிச் சாந்து பூசினர். அங்கு ஆர்தர் என்ற ஊரில் 1928-இல் அவ்வாறு எழுப்பிய தேவாலயம் இன்றும் நிற்கிறது. இறுக்கிக் கட்டிய வைக்கோலுக்குள் காற்று புகாததால் எளிதில் தீப்பற்றாது; வெயிலையும் தடுக்கும். ஈரம்தான் அதற்கு எதிரி.

நான்கு மாதம் மழை கொட்டும் மாட்டுங்காவுக்கு இது ஒத்துவருமா? ஒன்றரை அடி கனமுள்ள சுவருக்கு, பத்துக்குப் பத்து அறையில் குடும்பமே வாழும் பக்கத்துத் தாராவியில் இடமேது? ஹைதராபாத் ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021-இல், வேளாண் கழிவுடன் சுண்ணாம்புக் கலவை சேர்த்த செங்கற்களால் காவலர் அறை ஒன்று கட்டப்பட்டது. தாராவி மறுசீரமைப்பில் எழும் அடுக்ககங்களின் உட்சுவர்களுக்கேனும் இத்தகைய செங்கற்களை மகாராஷ்டிர அரசு பரிசீலிக்கலாம்.