கொய்யா காய்க்கவில்லையா? கவாத்து செய்யுங்கள்

மயிலாப்பூர், அடையாறு பகுதிகளின் பழைய வீட்டுக் கொல்லைகளில் இன்றும் கொய்யா மரங்களைக் காணலாம். பல மரங்கள் ஓட்டுக் கூரைக்கு மேல் உயர்ந்து நிற்கும். காய் உச்சியில் இருக்கும். அதுவும் அணிலுக்கும் வௌவாலுக்கும்தான். சென்னையைச் சுற்றிப் பத்து, இருபது மரம் வைத்திருக்கும் சிறு விவசாயிகளுக்கும் இதே குறை உண்டு. மரத்தில் கத்தியே படாததுதான் காரணம்.

கொய்யா, புதிதாக வரும் தளிர்க் கிளைகளின் இலைக் கணுக்களில்தான் பூக்கும். கொடைக்கானல் மலையில் வளரும் பீச் மரமோ சென்ற ஆண்டு வளர்ந்த கிளையில் காய்க்கும். அதை யோசித்து வெட்ட வேண்டும். கொய்யாவில் அந்தப் பயம் இல்லை. நுனியை வெட்டினால் தளிர் வரும், தளிரோடு பூவும் வரும்.

பிப்ரவரி-மார்ச்சில் ஒரு முறையும் செப்டம்பர்-அக்டோபரில் ஒரு முறையும், சென்ற பருவத்தில் வளர்ந்த கிளைகளின் நுனியை 10 முதல் 15 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே, வெட்டிவிட வேண்டும். பூத்த நான்கைந்து மாதத்தில் பழம் பறிக்கலாம். காய்ந்த கிளை, ஒன்றோடொன்று உராயும் கிளை, தூரிலிருந்து கிளம்பும் போத்து ஆகியவற்றையும் அப்போதே நீக்கிவிடலாம். நடுவில் வெயில் விழ வேண்டும். ஒவ்வொரு கவாத்துக்குப் பின்னும் மரத்துக்கு 25 கிலோ தொழு உரம் இட்டுத் தண்ணீர் பாய்ச்சவும்.

சென்னைப் பக்கத்தில் இரண்டாவது கவாத்தைச் செப்டம்பரிலேயே முடிப்பது நல்லது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் அடித்தபோது நகரில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தலை கனத்த மரம் காற்றுக்கு நிற்பது கடினம்.

நெட்டுக்குத்தாக வளரும் கிளைகளை வெட்டாமல், கயிறு கட்டி வளைத்துத் தரையில் முளையடித்து இழுத்துக் கட்டலாம். வளைந்த கிளையின் நீளம் முழுவதும் தளிர் கிளம்பும். செலவு கயிறு மட்டுமே.

வயதாகிக் காய்ப்பு நின்றாலும் நோயில்லாத மரமானால், தரையிலிருந்து 75 சென்டிமீட்டர் உயரத்தில் அடிமரத்தையே அறுத்துவிடலாம். வெட்ட மனம் வராதுதான். அடுத்த பருவத்தில் பழமும் இராது. ஆனால் வரும் போத்துகளில் திடமான நான்கைந்தை நாலாபுறமும் விட்டு மற்றதைக் கிள்ளினால், கைக்கெட்டும் உயரத்தில் புது மரம் கிடைக்கும்.

பெரிய வெட்டு வாய்களில் போர்டோ பசை தடவவும். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் அரை அரை லிட்டர் தண்ணீரில் தனித்தனியே கரைத்துப் பின் கலக்க வேண்டும். மண்பானை அல்லது பிளாஸ்டிக் வாளியில் கலக்கவும். இரும்புப் பாத்திரம் கூடாது.