கண்வில்லையின் விலை

அம்பிட்டியவில் வாழும் முதியவர் ஒருவருக்குக் கண்புரை படர்ந்துவிட்டது என வைத்துக்கொள்வோம். கண்டி நகருக்குச் சென்று சத்திரசிகிச்சை செய்துகொள்ள வேண்டும். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமே. ஆயினும், கையிருப்பு இல்லாத வேளைகளில், கண்ணுக்குள் வைக்கும் வில்லையை வெளியே வாங்கும்படி சீட்டு எழுதிக் கொடுப்பதும் உண்டு. விசாரித்தால் ஒன்றின் விலை மற்றொன்றின் விலையைப் போல் பன்மடங்காக இருக்கும். ஏறக்குறைய 6 மில்லிமீற்றர் அகலமுள்ள பிளாஸ்டிக் துண்டுக்கு இத்தனை விலை ஏன்?

மூலப்பொருள் விலையுயர்ந்ததன்று. 1949ஆம் ஆண்டில் இலண்டனில் முதன்முதலாகக் கண்ணுக்குள் வில்லையைப் பொருத்தியவர் ஹரோல்ட் ரிட்லி என்னும் வைத்தியர். போர்விமானக் கூண்டின் பிளாஸ்டிக் சிதறல்கள் விமானிகளின் கண்ணிற் புகுந்தும் பெருந் தீங்கு செய்யாதிருந்ததைக் கண்டு, அத்தகைய பொருளையே அவர் தேர்ந்துகொண்டார்.

அவ்வாறாயின் செலவு எங்கே? சட்டைப் பொத்தான் உடைந்தால் வேறொன்று தைத்துக்கொள்ளலாம். வில்லை பழுதானால் பார்வையே கெடும். ஆகவே தூசியற்ற அறை, நுண்ணிய கடைசல், கிருமிநீக்கம், பல ஆண்டுப் பரிசோதனை ஆகிய அனைத்தும் வேண்டும். ஒவ்வொரு கண்ணுக்கும் வில்லையின் வலு வேறுபடுவதால், பலவகை வில்லைகளை ஆயத்தமாக வைத்திருத்தலும் வேண்டும். மடித்துச் சிறு துவாரத்தினூடாகச் செலுத்தும் வில்லை, மடியாத வில்லையைவிட விலை கூடியது. இவை நியாயமான செலவுகள்.

இனி, வில்லை வரும் வழியைப் பார்ப்போம். உற்பத்தியாளர் சிலரே எனின் போட்டி குறையும். இடைத்தரகர் ஒவ்வொருவரும் தம் இலாபத்தைச் சேர்ப்பர். ஆயிரக்கணக்கில் வாங்கும் அரசாங்கத்துக்குக் கிடைக்கும் விலை, ஒன்று வாங்கும் நோயாளிக்குக் கிடையாது. 2022ஆம் ஆண்டில் இலங்கை ரூபா வீழ்ச்சியுற்றபோது, இறக்குமதிப் பொருள்கள் யாவும் விலையேறின.

இவ்விரு செலவுகளையும் பிரித்துக் காட்டியது மதுரை. அரவிந்த் கண் மருத்துவமனையினர் 1992ஆம் ஆண்டில் ‘அரோலாப்’ எனும் தொழிற்சாலையை நிறுவித் தாமே வில்லை செய்யத் தொடங்கினர். இறக்குமதி வில்லை ஏறக்குறைய நூறு டாலர் விற்ற அக்காலத்தில், அவர்களது வில்லை பத்து டாலர் அளவிற் கிடைத்தது. தரத்துக்குரிய செலவைக் குறைக்காமலே விலையைக் குறைக்கலாம் என்பது அதனாற் புலனாயிற்று.

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் மருந்துகளோடு மருத்துவச் சாதனங்களையும் ஒழுங்குவிதிகளுக்கு உட்படுத்துகின்றது. எனினும், வாங்குவோருக்கும் ஒரு கடமை உண்டு. விலை கூடியதே சிறந்தது என்று கடன்படலாகாது. மலிவானது தாழ்ந்தது என்று அஞ்சவும் வேண்டா. “இந்தக் கண்ணுக்கு எவ்வகை வில்லை போதும்?” என வைத்தியரைத் தயங்காது கேட்டறிதல் வேண்டும்.